பீரோவில் ஒன்பது ரோபாட்: நாடு முழுக்க ஒரே ரோபாட்டிக்ஸ் பாடம் வைக்க முடியுமா?

கேள்வி (குடியாத்தத்திலிருந்து ஒரு மாணவர்)
14 ஜூலை 2024

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. எங்கள் காலேஜில் ரோபாட்டிக்ஸ் என்றால் தியரி பேப்பர் மட்டும்தான். லேபில் ரோபாட் இருக்கிறதாம், பீரோவுக்குள். பூட்டியிருக்கிறது. புனேயில் படிக்கும் என் பெரியப்பா மகன் இரண்டாம் ஆண்டிலேயே ரோபோகான் என்ற ரோபாட் போட்டிக்கான டீமில் சேர்ந்து ராத்திரி பகலாக வொர்க்‌ஷாப்பில் கிடக்கிறான். டிகிரி ஒன்றுதான், இன்டர்வியூவில் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான். நாடு முழுக்க எல்லா யுனிவர்சிட்டிக்கும் ஒரே சிலபஸ், ஒரே கிட், ஒரே பரீட்சை என்று வைத்துவிட்டால் என்ன? யார் வேண்டாம் என்கிறார்கள்?

14 ஜூலை 2024, இரவு

தம்பி, அதே மாதிரி ஒரு பீரோவின் சாவி என் மேஜை டிராயரில் இருக்கிறது. வேலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பத்தொன்பது வருஷமாக வேலை. ஆகவே குற்றவாளிக் கூண்டில் நின்றுதான் பதில் சொல்கிறேன்.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்று சொல்லக்கூடியவர் யார் என்று தேடுவதிலேயே பாதி ஆயுசு போய்விடும். காட்பாடி ஜங்ஷனில் இறங்கி ஒரு சுற்று வந்து பாருங்கள். விஐடி நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பாடத்திட்டத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசுப் பொறியியல் கல்லூரிக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம். தன்னாட்சி வாங்கிய தனியார் கல்லூரிகளுக்கு அவரவர் கைச்சமையல். பாலிடெக்னிக்குகள் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ். இத்தனைக்கும் மேலே ஏஐசிடிஇ, அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு. அவர்கள் 2018-ல் ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டார்கள். மாதிரி என்றால் மாதிரிதான், எடுத்துக்கொண்டால் உண்டு. பழைய வடாற்காடு எல்லைக்குள்ளேயே இத்தனை அடுப்பு எரிகிறது. நாட்டுக்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. நீங்கள் கேட்பதில் முக்கால்வாசி ஏற்கெனவே ஒரு முறை செய்து பார்க்கப்பட்டது. ஈ-யந்த்ரா என்று பெயர். ஐஐடி பம்பாயில் பேராசிரியர் கவி ஆர்யா தலைமையில், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் பணத்தில் நடப்பது. கல்லூரி ஒரு லேப் ஒதுக்க வேண்டும், நாலு ஆசிரியர்களை அனுப்ப வேண்டும். அந்த நாலு பேருக்கும் பயிற்சி. எல்லா லேபிலும் ஒரே ரோபாட். இப்படி 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் லேப் வந்தது. மாணவர்களுக்குத் தனியாக ஒரு போட்டி, நாலு பேர் அணி, கட்டணம் கிடையாது, தேர்வானால் கிட் தேடி வரும்.

அந்த நாலு ஆசிரியர்களில் ஒருவன் நான். எங்கள் பீரோவில் இருக்கும் ஒன்பது ரோபாட்டும் அப்போது வாங்கியவைதான். நல்ல திட்டம். ஒரே கிட், பயிற்சி பெற்ற ஆசிரியர், இரண்டும் இருந்தால் போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அதுதான் என் பதில்.

15 ஜூலை, காலை

ராத்திரி எழுதியதைக் காலையில் காபியோடு படித்தேன். "அதுதான் என் பதில்" என்று சொல்லிவிட்டு அந்த ஒன்பதும் ஏன் பீரோவில் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். சாமர்த்தியம்தான். ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

21 ஜூலை

சரி. பீரோ கதை.

ரோபாட்டின் பெயர் ஃபயர்பேர்டு 5. வட்டமாக ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னது. இரண்டு மோட்டார், பின்னால் தாங்கலுக்கு ஒரு சின்னச் சக்கரம். மூளை ஏடிமெகா 2560 என்ற சிப். மேலே இரண்டு வரி எல்சிடி திரை. அடிவயிற்றில் கோட்டைப் பார்க்க மூன்று சென்சார். தரைமேல் வெளிச்சம் அடித்து, திரும்பி வருவதை 0 முதல் 255 வரை ஒரு எண்ணாகச் சொல்லும். தரைக்கு ஒரு எண், கோட்டுக்கு ஒரு எண், நடுவில் எங்கே வெட்டுவது என்பது நம் வேலை. முதல் நாள் பயிற்சியில் அது கோட்டைப் பிடித்துக்கொண்டு போனபோது நாற்பது வயதில் எனக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டவும் செய்தேன்.

பேட்டரி 9.6 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, எட்டு செல் சேர்ந்த கட்டு. இந்த ரகத்துக்கு ஒரு குணம் உண்டு. சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் தானாகக் கசிந்துகொண்டே இருக்கும். மாதத்துக்கு ஒரு முறையாவது எடுத்து ஓட்டிச் சார்ஜ் போட வேண்டும். பல மாதம் அப்படியே விட்டால் எட்டில் பலவீனமான செல் முதலில் விழும், மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும். இது பயிற்சியில் சொன்னார்கள். நான் நோட்டிலும் எழுதியிருக்கிறேன், சிவப்பு மையில்.

நடந்தது இது. நாலு பேரில் ஒருவர் சென்னையில் வேலை கிடைத்துப் போனார். ஒரு மேடம் பிரசவ விடுப்பில் போய், திரும்பி வந்தபோது வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாமவர் பிஎச்டி. மீதி நான். எனக்கு வாரம் பதினெட்டு மணி நேரம் வகுப்பு, கூடவே அட்மிஷன் சமயத்தில் ஆம்பூர், வாணியம்பாடி என்று பள்ளி பள்ளியாகப் போய் ஆள் பிடிக்கும் வேலை. லேப் நேரம் டைம்டேபிளில் கிடையாது, ஏனென்றால் ரோபாட் சிலபஸில் கிடையாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 விதிமுறைப்படி மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு மெகாட்ரானிக்ஸ் லேபில் 8085 என்ற பழைய சிப்பில் கூட்டல் கழித்தல், ஸ்டெப்பர் மோட்டார், டிராஃபிக் லைட். அதற்கு மார்க் உண்டு. கோட்டைப் பிடித்துப் போவதற்கு மார்க் இல்லை. மார்க் இல்லாததற்கு லேபைத் திற என்று நானே எப்படிச் சொல்வேன்? ஒரு கோடை போனது, ஒரு கோடை வந்தது. பேட்டரிகள் செத்தன. கல்லூரி மேலிடத்தில் புதுப் பேட்டரிக்கு எழுதினேன். போன வருஷம்தானே வாங்கினோம் என்றார்கள். போன வருஷம் இல்லை, மூன்று வருஷம். திருத்தவில்லை. சாவியை வாங்கிப் பூட்டினேன்.

தப்பு யாருடையது என்று கேட்டால் பம்பாயில் ஒருவருடையதும் இல்லை.

22 ஜூலை

திருத்தம் இரண்டு.

ஒன்று, ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டினார்: பயிற்சி என்று நான் எழுதியதைப் படித்தால் இரண்டு நாள் ஓர்க்‌ஷாப்போடு முடிந்த மாதிரி இருக்கிறதாம். அவர் சொல்வது சரி. அந்த இரண்டு நாள் வெறும் பிள்ளையார் சுழி. அதன்பிறகு கல்லூரிக்குத் திரும்பி, வாரக்கணக்கில் ஒவ்வொரு வேலையாக முடித்து, புரோகிராமையும் வீடியோவையும் பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒருவர் உட்கார்ந்து பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று எழுதுவார். உண்மையில் நான் கற்றுக்கொண்டது அந்த வாரங்களில்தான். ஓர்க்‌ஷாப்பில் கை தட்டியதோடு சரி.

இரண்டு, ஒன்பது என்று எழுதினேன். இன்றைக்கு ஸ்டாக் ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். பத்து.

பீரோவில் எண்ணினேன். ஒன்பது.

28 ஜூலை

பத்தாவது எங்கே என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால் ஒவ்வொரு மார்ச்சிலும் ஸ்டாக் வெரிஃபிகேஷன் நடந்திருக்கிறது, ஒவ்வொரு வருஷமும் "10, சரியாக உள்ளது" என்று கையெழுத்து. இரண்டு வருஷம் அந்தக் கையெழுத்து என்னுடையது. பீரோவைத் திறக்காமலே எண்ணியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரே கிட் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதல் நாள் உறுதியாகச் சொன்னவன் நான்தான், தெரியும்.

ஒரே கிட்டில் நல்லது உண்டு. கேரளாவில் ஒருவருக்கு வந்த கோளாறு எனக்கும் வரும், அவர் கண்டுபிடித்த வழி எனக்கும் உதவும். பாடப் பொருள் எல்லாம் திறந்து வைத்திருந்தார்கள், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். கெட்டது, அந்த ஒரு பொருளோடு லேபே கட்டுண்டுபோவது. ஒரு பாகம் போனால் பத்தும் ஒரே நோயில் படுக்கும்.

மென்பொருளுக்கும் இதே பாடு. ரோஸ் என்று ஒன்று, ரோபாட் ஆபரேட்டிங் சிஸ்டம். (ரோஜாப்பூ சிலபஸில் எப்படி வந்தது என்று எங்கள் ஆபீஸில் ஒருவர் நிஜமாகவே கேட்டார்.) அதன் முதல் தலைமுறையின் கடைசிப் பதிப்பு நோயட்டிக், 2020 மே மாதம் வந்தது, அதற்கு 2025 மே வரைதான் ஆதரவு. மொத்தம் ஐந்து வருஷம். அண்ணா பல்கலைக்கழகத்தின் விதிமுறை 2013, 2017, 2021 என்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறது. அதாவது 2021-ல் ஒரு பதிப்பின் பெயரைச் சிலபஸில் எழுதினால், அந்த முதல் செட் பையன் டிகிரி வாங்கும்போது அது பரலோகம் போக டிக்கெட் எடுத்திருக்கும். இத்தனைக்கும் நாலு வருஷம் என்பதே வேகம்தான். நாடு முழுக்க ஒரே சிலபஸ் என்றால் அதை மாற்ற எத்தனை கமிட்டி கூட வேண்டும் என்று யோசியுங்கள்.

4 ஆகஸ்ட்

இன்றைக்கு விஷயம் கொஞ்சம் வேறு. ஃப்ளெக்ஸ்.

ஈ-யந்த்ரா போட்டிக்கு ஓடுகளம் வேண்டும். களத்தின் படத்தை மென்கோப்பாக அனுப்புவார்கள், நாம் ஃப்ளெக்ஸில் அச்சடித்துத் தரையில் விரிக்க வேண்டும். நாடு முழுக்க ஒரே களம், ஒரே அளவு, கோட்டின் தடிமன் வரை. எங்கள் ஊரில் பேனர் அடிக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "போட்டோ எங்க வைக்கணும் சார்?" என்றார். போட்டோ இல்லை என்றேன். "தலைவர் படம்?" அதுவும் இல்லை. கோடு மட்டும் இருக்கும் ஒரு பேனரை அவர் வாழ்க்கையில் அடித்ததில்லை.

சாயங்காலம் வாங்கி வந்து விரித்தால் ரோபாட் திருப்பத்தில் எல்லாம் தடுமாறுகிறது. இரண்டு நாள் புரோகிராமைத் தோண்டினோம். கடைசியில் ஒரு மாணவி ஸ்கேலை வைத்து அளந்தாள். ரோல் அகலத்துக்கு அடங்கட்டும் என்று கடைக்காரர் படத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறார். "துணி வேஸ்ட் ஆகாம முடிச்சு கொடுத்தேன் சார்." நல்ல மனுஷன். மறுபடி அடித்தோம். இந்த முறை பளபளப்பு ஃப்ளெக்ஸ்; மேற்கு ஜன்னல் வழியாக மூன்று மணி வெயில் விழுந்தால் வெள்ளையும் கறுப்பும் சென்சாருக்கு ஒன்றாகிவிடும். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலுக்குப் பழைய பேனரைத் தொங்கவிட்டோம். அதில் ஒரு கல்யாண ஜோடி சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த மாணவி பின்னால் சொன்னாள், நாலு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது அந்த ஸ்கேல்தான் சார் என்று. எதற்கு இதைச் சொல்கிறேன்: ஒரே களம் என்று மேலிருந்து அனுப்பினாலும் அது வேலூரில் விரிக்கும்போது வேலூர்க் களமாகத்தான் விரியும். அதைச் சரி செய்வதுதான் பாடம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

5 ஆகஸ்ட்

"அப்படியானால் கணினியிலேயே சிமுலேட்டரில் ஓட்டலாமே, பேட்டரியும் வேண்டாம் ஃப்ளெக்ஸும் வேண்டாம்" என்று ஒருவர். 2020-ல் கொரோனாவின்போது அதுதான் நடந்தது. போட்டியும் சிமுலேட்டருக்குப் போனது. அதில் நல்லது, வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தால் பேர்ணாம்பட்டிலிருந்தும் கலந்துகொள்ளலாம். எங்கள் பையன்கள் இருவர் செய்தார்கள், நன்றாகவே. அப்புறம் நிஜ ரோபாட்டைக் கையில் கொடுத்தால், "சார், இதுல ரெண்டு மோட்டாரும் ஒரே வேகத்துல சுத்த மாட்டேங்குதே" என்றார்கள். சிமுலேட்டர் தரையில் தூசி இல்லை, இரண்டு மோட்டாரும் இரட்டைப் பிள்ளைகள். அதை வைத்துத் தொடங்கலாம். அதோடு நிறுத்தினால் நீச்சலைப் பாயில் கற்ற கதை.

11 ஆகஸ்ட்

என்பிடெல் பற்றி ஏன் பேசவில்லை என்ற கேள்வி நியாயம். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய இணையவழி வீடியோ பாடத் திட்டம் அது. 2014-லிருந்து சான்றிதழ்த் தேர்வு. மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் 2017 ஜூலையில். ரோபாட்டிக்ஸில் ஐஐடி கரக்பூரின் பேராசிரியர் திலீப் குமார் பிரதிஹார் நடத்தும் பாடத்தை நானே முழுக்கப் பார்த்திருக்கிறேன். கை, மூட்டு, எந்த மூட்டு எத்தனை டிகிரி திரும்பினால் விரல் நுனி எங்கே போகும் என்ற கணக்கை அவ்வளவு பொறுமையாகச் சொல்லுவார். நாடு முழுக்க ஒரே ஆசிரியர் என்பது அங்கே நடந்தேவிட்டது. மார்க் கணக்கும் ஒன்று: வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75.

ஆனால் ரோபாட்டைத் தொடாமல் ரோபாட்டிக்ஸில் 80 வாங்கலாம். வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாடத்தைக் குறை சொல்லவில்லை. பாட்டு கேட்பதும் பாடுவதும் வேறு.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைக்குத் திருப்பு விசை என்றால் தெரியும். டார்க் என்றால் தெரியாது. ஒருமுறை லேபில், "மோட்டாருக்கு டார்க் பத்தலை" என்றேன். லேப் அசிஸ்டென்ட் எழுந்து போய் லைட்டைப் போட்டார்.

25 ஆகஸ்ட்

இன்று வியட்நாமின் குவாங் நின் மாகாணத்தில் ஏபியு ரோபோகான். ஏபியு என்பது ஆசிய பசிபிக் ஒளிபரப்பாளர் கூட்டமைப்பு. இந்த வருஷத் தலைப்பு அறுவடை: நாற்று நட வேண்டும், நெல் அறுத்துக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும், எல்லாம் ரோபாட். வயலை விட்டு ஓடி வந்து இன்ஜினியரிங் சேர்ந்த எங்கள் பையன்கள் இதைக் கேட்டு ஒரு மாதிரி சிரித்தார்கள்.

தம்பியின் பெரியப்பா மகன் விஷயம் இங்கேதான் வருகிறது. இந்தப் போட்டி 2002-ல் டோக்கியோவில் தொடங்கியது. ஒவ்வொரு வருஷமும் ஒரு நாடு நடத்தும், அந்த நாடே தலைப்பைச் சொல்லும். இந்தியா 2008-லும் 2014-லும் நடத்தியது, இரண்டும் புனேயில். 2008 தலைப்பு நம் உறியடி மாதிரி, வெண்ணெய்ப் பானையை எட்டிப் பிடிப்பது. அந்த ஊர்க் கல்லூரிகளில் சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்து இருபது வருஷமாக ஒரு வழக்கம் உருவாகிவிட்டது. சிலபஸ் எதுவும் அதைச் செய்யவில்லை.

ஜப்பானில் இன்னும் பழையது. அங்கே கோசென் என்று கல்லூரிகள். நம்மூரில் பத்தாவது முடிக்கும் வயதுப் பிள்ளைகள் சேர்ந்து ஐந்து வருஷம் படிப்பார்கள், நம் பாலிடெக்னிக் மாதிரி. 1988-லிருந்து அவர்களுக்குத் தொலைக்காட்சி நிறுவனம் என்ஹெச்கே ரோபாட் போட்டி நடத்துகிறது. தொடக்கத்தில் முன்நின்றவர் ரோபாட்டிக்ஸ் பேராசிரியர் மசாஹிரோ மோரி. வட்டார வாரியாகப் போட்டி, இறுதிச் சுற்று டோக்கியோவில் சுமோ மல்யுத்த அரங்கில். அங்கே எல்லோருக்கும் ஒன்றாக இருப்பது கேள்வியும் தேதியும்தான். கிட் கிடையாது. தகரமோ மரமோ, எதை வைத்து வேண்டுமானாலும் செய்து கொண்டு வா.

ஆக, ஜூலை 14-ல் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நாடு முழுக்க ஒன்றாக்க வேண்டியது கேள்வியை. கூடவே கெடுவை. ஒரு வேலை, அதற்கு ஒரு கடைசி நாள், வீடியோவைப் பார்த்துப் பதில் எழுத ஒரு மனிதர். கிட் எதுவாகவும் இருக்கட்டும். ஈ-யந்த்ராவில் எனக்கு மிச்சமிருப்பதும் அதுதானே.

1 செப்டம்பர்

"கேள்வியும் தேதியும் போதும் என்றால் கிராமத்துக் கல்லூரி எதை வைத்துச் செய்யும், காற்றையா?" என்று குடியாத்தம் தம்பி. நன்றாகக் கேட்டீர்கள். காசு வேண்டும். மேல்மட்டத்தில் காசு இல்லாமல் இல்லை. 2018-ல் சைபர் ஃபிசிக்கல் சிஸ்டம்ஸ் (கணினியும் இயந்திரமும் சேர்ந்து இயங்கும் அமைப்புகள்) தேசியத் திட்டத்துக்கு 3,660 கோடி ரூபாய் ஒதுக்கி, 25 மையங்கள் வைத்தார்கள். ரோபாட் சார்ந்த மையம் பெங்களூர் ஐஐஎஸ்சியில் ஒன்று, ஐஐடி டெல்லியில் ஒன்று. பள்ளிகளுக்கு, பிள்ளைகள் கையால் செய்து பார்த்துக் கற்கும் அடல் டிங்கரிங் லேப், 2016-லிருந்து, ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை. மேலேயும் கீழேயும் குழாய் இருக்கிறது. நடுவில் நிற்கும் சாதாரண இணைப்புக் கல்லூரிதான் குடத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறது.

8 செப்டம்பர்

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. ஆம்பூரில் ஷூ ஃபேக்டரியில் இருக்கும் பழைய மாணவன் வீட்டுக்கு வந்தான். இந்தப் பேச்சு வந்தது. "சார், கோட்டைப் பிடிச்சுப் போறது இருக்கட்டும். ஒரு தோலை எடுத்து மேஜை மேல விரிக்கிற ரோபாட் இருந்தா சொல்லுங்க" என்றான்.

யோசித்துப் பாருங்கள். தோல் தகடு மாதிரி விறைப்பாக நிற்காது. ஒரு முனையைத் தூக்கினால் மறு முனை மடிந்து தொங்கும். ஒவ்வொன்றும் ஒரு வடிவம், ஓட்டை, தழும்பு, ஆடு உயிரோடிருந்த காலத்துக் கீறல் எல்லாம் இருக்கும். அதையெல்லாம் தவிர்த்து, வீணாகாமல் எத்தனை துண்டு வெட்டலாம் என்று அனுபவப்பட்ட கட்டர் கண்ணாலேயே போட்டுவிடுவார். தளதளவென்று இருக்கும் பொருளை ரோபாட் பிடிப்பது இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயம். பாலாற்றங்கரையில் இது அன்றாடப் பிரச்சினை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக் கல்லூரிகளுக்கு இதை விட நல்ல கேள்வி எங்கே கிடைக்கும்? ஆரணிக்குப் பட்டு நூல் இருக்கிறது, அறுந்தால் கண்டுபிடித்து முடிச்சுப் போட. அப்படியானால் நாடு முழுக்க ஒரே கேள்வி என்று ஆகஸ்டில் சொன்னது? தேதியும் மார்க் போடும் முறையும் ஒன்று, கேள்வி மட்டும் வட்டாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது முறையாகப் பேச்சை மாற்றுகிறேன், எனக்கே சிரிப்பு வருகிறது.

15 செப்டம்பர்

ராணிப்பேட்டை அண்ணன் கேட்டார்: டெல்லி, பம்பாய் எல்லாம் சரி, நாம் ஐந்து கல்லூரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூட முடியுமா? ஒருவரிடம் 3டி பிரின்டர், ஒருவரிடம் நல்ல ஆசிலோஸ்கோப், என்னிடம் செத்த ரோபாட் ஒன்பது. முடியும் என்று எழுதிவிட்டேன். எங்கள் ஹெச்ஓடியிடம் இன்னும் கேட்கவில்லை.

11 அக்டோபர், ஆயுத பூஜை

வருஷத்தில் ஒருநாள் பீரோ திறக்கும், அது இன்று. துடைத்து, வரிசையாக வைத்து, சந்தனம், குங்குமம், பொரி, பூசணிக்காய். எல்லாம் முறைப்படி. மூன்று ரோபாட்டின் சென்சார் மேலேயே போன வருஷத்துக் குங்குமம் காய்ந்திருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் எட்டிப் பார்த்து, "சார், இது ஓடுமா?" என்றான். பேட்டரி இல்லை என்றேன். "எந்த பேட்டரி சார்?" பதில் சொல்லிக்கொண்டே பூட்டப் போனவன், பூட்டவில்லை. சாவி பீரோவிலேயே தொங்குகிறது. நாளைக்கு விஜயதசமி லீவு, பார்க்கலாம்.

16 அக்டோபர்

பத்தாவது கிடைத்துவிட்டது!

இந்தப் பேச்சைப் படித்த கணியம்பாடிப் பக்கத்து அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். "சார், எங்கள் பள்ளியில் வட்டமாக ஒரு ரோபாட் இருக்கிறது. அடியில் வெள்ளை பெயின்டில் 10/10 என்று போட்டிருக்கிறது. உங்களுடையதா?"

அறிவியல் கண்காட்சிக்கு இரவல் கேட்டிருக்கிறார்கள். அப்போதிருந்த எங்கள் லேப் அசிஸ்டென்ட் (டார்க்குக்கு லைட் போட்டவர்தான்) ஒரு துண்டுச்சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார். அவர் ஓய்வு பெற்றார், சீட்டு தொலைந்தது, யாரும் கேட்கவில்லை. "திருப்பித் தந்துவிடவா?" என்று ஆசிரியை. ரெஜிஸ்டர்படி அது எங்கள் பீரோவில்தான் இருக்கிறது, வருஷா வருஷம் கையெழுத்தோடு. எப்படித் திருப்பி வாங்குவது?

பேட்டரி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது முதல் வருஷமே போய்விட்டது. 9.6 என்று எழுதியிருந்தது. 1.2 வோல்ட் சார்ஜ் செல் எட்டு வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு ஒயர் கொடுத்தோம். ஓடுகிறது."

எட்டைப் பெருக்கினால் போதும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கோட்டேஷன் கேட்டு எழுதினேன்.

21 அக்டோபர்

அரை நாள் லீவு போட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வகுப்பறை மூலையில் சிமென்ட் தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் இல்லை. திருப்பங்களில் டேப் நைந்துபோய், மேலே மேலே ஒட்டிக் கனமாக இருக்கிறது. எல்சிடியில் பாதி எழுத்து தெரியவில்லை. ஒரு சக்கரத்தில் ரப்பர் பேண்ட். விட்டார்கள், போயிற்று. மூன்று சுற்று, ஒரு தடுமாற்றம் இல்லை.

ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் கூடவே நின்றுகொண்டிருந்தாள். சுவரில் பென்சிலால் எழுதியிருந்ததைக் காட்டினாள்: காலை 38, மதியம் 55, மழை 31.

"மழைக்குத் தனியா?"

"ஆமா சார். மேகம் வந்துட்டா வெளிச்சம் மாறிடுதுல்ல, அப்ப நம்பரை மாத்தணும்."

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். போன வருஷம் பத்தாவது முடித்துப் போன அக்கா என்றாள். அந்த அக்காவுக்கு அதற்கு முந்தைய அக்கா. பென்சில் எழுத்தின் மேல் பழைய பென்சில் எழுத்து, அதன் மேல் சுண்ணாம்பு அடித்த தடம், அதற்கும் கீழே மங்கலாக இன்னும் இரண்டு எண்கள்.

சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். ரோபாட்டைக் கேட்கவில்லை. கல்லூரியில் ஒன்பதுக்கு எட்டு வீதம் எழுபத்திரண்டு செல் வேண்டும். வரும் வழியில் இரண்டு கடையில் விலை விசாரித்தேன். நவம்பர் சனிக்கிழமைக்கு ராணிப்பேட்டை அண்ணன் பத்து மணி என்றிருக்கிறார். குடியாத்தம் தம்பி, ஸ்கேல் ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள்.